தப்பைக் காய்ச்சுதல்: ஆயத்தம் சடங்கின் உறுப்பா?

ஒரு செயலுக்கு முன் செய்யப்படும் ஆயத்தம் அச்செயலின் உறுப்பா, அல்லது வாசலுக்கு வெளியே முடிந்துவிடும் ஏவல் வேலையா என்னும் வினா சடங்கியல் சிந்தனையில் மிகப் பழையது. எனினும் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் மாசி மாதம் நிகழும் காமன் கூத்தை முன்வைத்துக் கேட்கும்போது அதற்குத் தனிக் கூர்மை உண்டாகின்றது. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததையும் ரதி புலம்பியதையும் ஆடிக்காட்டும் இக்கூத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்களோடு வந்தது. கம்பம் ஊன்றுவதும், காப்புக் கட்டுவதும், வேடம் பூணுவோர் நோன்பு காப்பதும் சடங்கே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தப்பைக் காய்ச்சுவதைப் பற்றித்தான் எவரும் அவ்வாறு சொல்வதில்லை.

தப்பு என்பது வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டிய ஒருமுகப் பறை. முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு, அதாவது ஆட்கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, அழைத்ததும் அதுவே. மடுல்சீமை, ஹப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களின் இரவுப் பனியில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து மந்தமாக ஒலிக்கும் என்பதால், சருகையோ வைக்கோலையோ கொளுத்தி, தப்பை அனலுக்கு மேல் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் தட்டிப் பார்த்து, தோல் விறைத்து ஓசை கூர்மையானதும் எடுப்பார்கள். அனல் மிஞ்சினால் தோல் கிழியும். குறைந்தால் அடி எடுபடாது.

வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாஞ்சை நூலார், பயனுக்கு உரிய முதன்மைச் செயலைப் பிரதானம் என்றும், அதற்குத் துணைசெய்வதை அங்கம் என்றும் வகுத்து, அங்கத்துக்குத் தனிப் பயன் இல்லை, பிரதானத்தின் பயனே அதன் பயன் என்றனர். வேள்விக்கு உரிய நெல்லை உரலில் இடிப்பது உமி நீங்குவதற்காக, அதாவது கண்ணுக்குத் தெரியும் பயனுக்காக. அந்நெல்லின்மேல் நீர் தெளிப்பதோ கண்ணுக்குப் புலனாகாத பயனுக்காக. இப்பகுப்பின்படி தப்பைக் காய்ச்சுவது முதல் வகையிலும் நோன்பு இரண்டாம் வகையிலும் அடங்கும். ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. உமியை நகத்தாலும் நீக்கலாமே, உரலில் இடிக்க வேண்டும் என்று விதித்தது ஏன் என்று கேட்டு, இவ்வழியிலேயே செய்க என்னும் கட்டுப்பாட்டிலிருந்து புலனாகாத பயனும் பிறக்கின்றது என்று விடை கூறினர். காய்ச்சத் தேவையற்ற செயற்கைத் தோல் பறைகள் விற்பனைக்கு வந்துவிட்ட இக்காலத்தில் இவ்விடை உயிருள்ளதாகின்றது. ஓசை மட்டுமே நோக்கமெனில் நெருப்பு வீண், நெருப்பும் வழிபாட்டின் உறுப்பெனில் அப்பறை ஒன்றைக் கைவிட்டுவிடுகின்றது.

பரதரின் நாட்டிய சாத்திரம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. நாடகத்துக்கு முந்திய நிகழ்ச்சிகளாகிய பூர்வரங்கத்தில், இசைக்கருவிகளை அடுக்குவதும் சுருதி கூட்டுவதும்கூட அரக்கர், அசுரர் முதலிய கணங்களை மகிழ்விக்கும் என்னும் அந்நூல், அதே இடத்தில் பூர்வரங்கத்தை நீட்டினால் ஆடுவோரும் காண்போரும் சோர்வர் என்று எச்சரிக்கவும் செய்கின்றது. இவ்வெச்சரிக்கை இன்றைய விளையாட்டுக்கும் பொருந்தும். 1935இல் சிகாகோவில் தொடங்கிய ரோலர் டெர்பி, சக்கரக் காலணி அணிந்த இரு அணிகள் வட்டப் பாதையில் முட்டிமோதும் ஆட்டமாகும். அணிக்கு ஐவராக 2 நிமிடம் வரை நீளும் சுற்றுகளில் ஆடுவதால், தசை சூடேறாமல் இறங்கியவர் எளிதில் காயமடைவார், ஆயத்தத்திலேயே களைத்தவர் முதல் மோதலில் தளர்வார். மேலும், அடுத்தடுத்த சுற்றுகளில் இருக்கையில் காத்திருப்பவரின் உடல் மீண்டும் குளிர்வதால், உடலைச் சூடேற்றுவது ஆட்டத்துக்கு முன் ஒருமுறை செய்து முடிக்கும் காரியமாக இருப்பதில்லை.

தப்பும் அவ்வாறே. இரவு நெடுக நடக்கும் கூத்தில் தோல் மறுபடி தளரும்போது ஒருவர் நெருப்பருகே செல்ல, மற்றவர் அடியை விடாமல் தாங்குகிறார். அப்போது ஆயத்தம் செயலுக்குள்ளேயே நிகழ்வதால், முன், பின் என்னும் வேலியை எங்கே போடுவது என்பது தெரியவில்லை. அந்த வேலியைக் காலங்காலமாகப் போட்டுவைத்தது தருக்கம் அன்று, சாதியே என்று கருத இடமுண்டு: தப்படிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட இழிதொழிலாகக் கருதப்பட்டதனால்தான், காப்புக் கட்டியவரின் நோன்பு சடங்காகவும் அனலருகே குந்தியவரின் உழைப்பு ஏவலாகவும் எண்ணப்பட்டன. அவ்வடையாளத்தை உதறுவதற்காகவே தப்பைக் கையில் எடுக்க மறுப்போரும் உண்டு; அம்மறுப்பைப் பழியாகக் கொள்வது நியாயமன்று. சூத்திரருக்கு வேள்வித் தகுதியையே மறுத்த மீமாஞ்சையின் வாதத்தைத் தப்படிப்போருக்குச் சார்பாக எடுத்தாள்வதில் முரண் இருக்கத்தான் செய்கின்றது. ஆயினும் உரலில் நெல் இடிப்பதை வேள்வியின் உறுப்பென்று ஒப்புக்கொண்ட அந்நூல், தப்பைக் காய்ச்சுவதை வெளியே நிறுத்துவதற்குத் தன் விதிகளுக்குள் ஒரு காரணமும் காட்ட முடியாது.