காணவில்லை என்னும் சொல்



ஒருவன் காணாமற் போயினான். "எல்லாக் கோணங்களிலும் விசாரணை நடைபெறுகிறது, தடயம் கிடைக்கவில்லை" என்கின்றனர் போலீசார். இதைக் கேட்ட தாய், மகன் உயிரோடிருக்கிறான் எனக் கொள்கிறாள். அயலார் அவன் மாண்டான் என்கின்றனர். வேறொருவர், போலீசார் எதையோ மறைக்கின்றனர் என்கிறார். சொல் ஒன்று, பொருள் மூன்று. தெளிவற்ற சொல்லை அறவழி நிற்போர் எங்ஙனம் கொள்ளுதல் வேண்டும்?

ஆலையின் வருகைப் பதிவேட்டில், வாராதவன் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று மட்டுமே குறிப்பர். நோயுற்றான் என்றோ, குடித்துக் கிடந்தான் என்றோ அக்குறி உரைப்பதில்லை. அவற்றைச் சேர்ப்பவர் நாமே.

அந்தமானுக்குப் புறப்பட்ட ஒரு விமானத்தின் செய்தியைக் கருதுவோம். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்தினின்று போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எழுந்த விமானப் படையின் ஏ.என்.32 விமானம், 29 பேருடன் வங்கக் கடல்மீது மறைந்தது. முதலில் "காணவில்லை" என்றனர். பல வாரத் தேடலுக்குப் பின், செப்டம்பரில், "இறந்தனரெனக் கருதவேண்டியுள்ளது" எனக் குடும்பத்தார்க்கு அறிவித்தனர். 2024 ஜனவரியில், சென்னைக் கரைக்கு அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்தன. அவை அவ்வகை விமானத்தோடு ஒத்துள்ளன, அப்பகுதியில் வேறு விமானம் காணாமற் போனதாகப் பதிவில்லை, ஆதலின் அதனுடையனவாக இருக்கக்கூடும் என்றது பாதுகாப்பு அமைச்சகம்.

முதற்சொல் கண்ட நிலையை உரைத்தது. இரண்டாவது அனுமானம். மூன்றாவதும் அனுமானமே, ஆயினும் காரணத்தை வெளிப்பட வைத்தமையால் நாம் எடைபோட இடந்தருகிறது. "இருக்கக்கூடும்" என்பதை நீக்கி "அதுவே" என்பவன் கூட்டிச் சொல்கிறான். "ஒன்றும் தெரியவில்லை" என்பவன் குறைத்துச் சொல்கிறான். விமானம் ஏன் வீழ்ந்தது என்பதை அச்சொல் உரைக்கவேயில்லை. அதையும் அதனுள் படிப்பவன் புனைகிறான்.

சட்டமும் இவ்வெல்லையை அறியும். ஏழாண்டு செய்தியற்றவர் உயிரோடுள்ளார் என்பவரே அதனை மெய்ப்பிக்கவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி; 2024இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது நிலைத்துள்ளது. மரணத்தைக் கண்டதாக அது கூறவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில், நிக்கோபார்த் தீவுகளில் காணாமற் போனோர் தொகை, உடல் கிடைத்தோர் தொகையினும் பன்மடங்கு. இலங்கையினின்று திரும்பிய தமிழர் குடியேறிய கச்சால் தீவும் பேரிழப்புற்றது. அரசு ஏழாண்டு காத்திராது இறப்புச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது. அது எஞ்சியோர் பசிக்கென அமைந்த ஏற்பாடு. அச்சான்றிதழைப் பெற்றுக்கொண்டு, பின்னும் கடலை நோக்கி நிற்கும் மனைவி பொய்ம்மையுடையவள் அல்லள்.

ஆதலின் கடமை இருவர்க்கும் உண்டு. உரைப்போர் கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் காரணத்தோடு கருதியதாகவும் உரைத்தல் வேண்டும். அறியாமைக்கேற்ற தெளிவின்மை வாய்மையே. அறிந்ததை மூடவும், செய்யாத வேலையை மறைக்கவும் பயன்படுவது பொய்யே. கேட்போர் ஐயத்தை வதந்தியாக்காமல் வினாவாக்குதல் வேண்டும்: எதைக் கண்டீர்? எதனால் கருதினீர்? இன்னும் எங்கே தேடுகிறீர்? நல்வாய்மை நாவுக்கு மட்டுமன்று, செவிக்கும் உரியது.

அத்தகைய வீட்டுக்குச் செல்லும்போது "வந்துவிடுவான்" என்னாதீர். "போய்விட்டான்" என்றும் முடிவு கூறாதீர். உடனமர்ந்து, காவல் நிலையத்துக்கு மறுமுறை செல்லும்போது துணை செல்லுங்கள்.