பேரத்தில் இல்லாதவர்

மனை வியாபாரத்தில் விளம்பரத்தைவிடப் பெரியது வாய்வார்த்தை. திண்டிவனம், விழுப்புரம் புரோக்கர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பார்ட்டிக்கு ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் அவர் தன் மச்சானை அனுப்புவார். மச்சான் ஆபீஸ் நண்பரை அனுப்புவார். பத்திரம் முடிந்த பிறகும் பட்டா மாற்ற தாலுகா ஆபீசுக்குக் கூடவே அலைந்து, புதுமனை புகுவிழாவுக்கு வந்து மொய் எழுதுகிற புரோக்கருக்குத் தொழில் படுப்பதில்லை. இதை நாணயம் என்கிறோம். நாணயம்தான், மறுக்கவில்லை. என் கேள்வி வேறு: இரண்டு பேர் ஒருவருக்கொருவர் நாணயமாக இருந்துவிட்டால் அந்த உறவு அறமாகிவிடுமா?

சிபாரிசு எந்த வழியாக நடக்கிறது? சொந்தம், தெரு, சாதி வழியாக. "நம்ம ஆளு, தாராளமா நம்பலாம்" என்பதில் 'நம்ம' யாரைக் குறிக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். திண்டிவனத்தில் நான் வாடகை வீடு தேடியபோது ஒரு புரோக்கர் வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு, "சொந்த ஊரு எது சார்? ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். பதிலைக் கேட்டதும், "ஓனர் வெளியூர் போயிருக்காரு, வந்ததும் சொல்றேன்." அந்த ஓனர் இன்னும் ஊர் திரும்பவில்லை. புரோக்கர் தன் பார்ட்டிக்கு விசுவாசமாகத்தான் இருந்தார். அவர்கள் அடுத்த வீட்டையும் அவரிடமே கொடுப்பார்கள்.

1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கு நேர்ந்ததும் இதுதான். வெளிநாட்டுப் படிப்பு, சமஸ்தானத்தில் வேலை, எல்லாம் இருந்தது. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இந்து நண்பர் ஒருவர், கிறித்தவ நண்பர் ஒருவர், இரண்டு பேர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை.

வீட்டு விஷயத்தில் பேரத்தில் இல்லாதவர் வாசலில் நிற்கிறார். நில விஷயத்தில் அவர் பழைய காகிதத்துக்குள் கிடக்கிறார். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நமக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போயின. காரணை நிலத்தைக் கேட்டுப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

இன்றைக்கு மனை விற்கிறவர் முப்பது வருஷ வில்லங்கச் சான்றைக் காட்டி "கிளியர் சார்" என்கிறார். வில்லங்கமே அதற்கு முன்னால் நடந்திருந்தால்? விற்றவர், வாங்கியவர், புரோக்கர் மூவருக்கும் திருப்தி. சிபாரிசு வளர்கிறது. நிலத்தை இழந்தவரின் பேத்தி அதே மனைக்கட்டில் சித்தாள் வேலைக்கு வருகிறாள்.

2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், பதிவான திட்டங்களில் மனை விற்கும் தரகரும் பதிவு செய்ய வேண்டும், பொய் சொல்லி விற்கக் கூடாது என்கிறது. வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு. நல்லதுதான். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் அதில் இல்லை. வாடகை வீடே அதில் வராது.

நம் பிள்ளைகளும் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். இறங்கட்டும், உறவை வளர்க்கட்டும். ஆனால் ஒருவரை இன்னொருவரிடம் அனுப்புமுன் இரண்டு கேள்வி கேட்கட்டும். இந்த நிலம் முதலில் யாருடையது? இந்த வீட்டை யாருக்குத் தரமாட்டீர்கள்? கேட்டால் சில கமிஷன் போகும். போகட்டும். இந்தக் கேள்வியைத் தாங்காத நம்பிக்கைக்கு எங்கள் தெருவில் வேறு பெயர் உண்டு: கூட்டுக்களவாணித்தனம்.