தகுதி என்பது யாது?

ஒரு நாள் மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார்.

"என் மகளும் எதிர்வீட்டில் பீடி சுற்றுபவரின் மகளும் ஒரே நீட் தேர்வைத்தான் எழுதினார்கள். மதிப்பெண் என் மகளுக்குத்தான் அதிகம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததோ அந்தப் பிள்ளைக்கு. அவள் படித்தது அரசுப் பள்ளி, என் மகள் படித்தது உதவிபெறும் பள்ளி, அதனால்தான் என்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் எங்கள் வீட்டு அடுப்பும் ஒரே மாதிரிதானே எரிகின்றன? இது நீதியா, ஹஜ்ரத்?"

பொறுமையாய் இருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆயின் அது விடை அன்று. விடையிலிருந்து தப்பிக்கும் வழி. "எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் கூறினேன். அவ்வாறு எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

அவருடைய வினாவுக்குள் இரு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. கூடுதல் மதிப்பெண் பெற்றவரை விடுத்துக் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு இடம் தருவது எவ்வாறு நீதியாகும் என்பது ஒன்று. அப்படித் தருவது நீதியே என்றால், ஏழ்மையில் ஒத்த இருவருள் ஒருத்திக்கு மட்டும் தருவது எவ்வாறு நீதியாகும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதாலேயே நம் வீடுகளில் இதுபற்றிய பேச்சு பெரும்பாலும் கசப்பில் முடிகிறது.

சட்டம் வந்த வழி

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தது. 2017 முதல் நீட் தேர்வு அந்த இடத்தைப் பிடித்தது. அரசுப் பள்ளிகளில் பயின்று மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலராகவே இருந்தனர்.

இதனை ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம், அரசுப் பள்ளி மாணவர்க்குப் பத்து விழுக்காடு ஒதுக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அரசு 7.5 விழுக்காடு என முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபர் இறுதியில் ஆளுநர் இசைவளித்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று, நீட் தேர்விலும் தேறியவர்க்கே இந்த ஒதுக்கீடு. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய இடங்களுக்குள்ளேயே இது உள்ஒதுக்கீடாக அமைகிறது. ஆகவே, 2007 முதல் நம் சமுதாயத்திற்கென உள்ள 3.5 விழுக்காட்டு இடங்களுக்குள்ளும் இது செயற்படுகிறது. அந்த இரு பெண்களும் ஒரே பிரிவினராயிருந்தும் வெவ்வேறு முடிவைக் கண்டது இதனால்தான்.

முதல் ஆண்டிலேயே 313 பேர் எம்.பி.பி.எஸ். படிப்பிலும் 92 பேர் பல் மருத்துவத்திலும் சேர வழி பிறந்தது. ஆனால் கதவு திறந்ததும் படி தடுத்தது. தனியார் கல்லூரியில் இடம் பெற்ற ஏழைப் பிள்ளைகள் சிலர், கட்டணம் செலுத்த வகையின்றி, கிடைத்த இடத்தையே விட்டுத் திரும்பினர். அதன்பிறகே அக்கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. ஓர் உரிமையைத் தருவதும், அதனைப் பயன்படுத்தும் ஆற்றலைத் தருவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கோலும் எடையும்

இனி முதல் வினாவுக்கு வருவோம். அரபு மொழி வல்லுநர்கள் 'ளுல்ம்' என்னும் சொல்லுக்கு, ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைத்தல் என்று பொருள் உரைப்பர். நீதியைக் குறிக்கும் 'அத்ல்' என்ற சொல்லின் வேரிலிருந்தே, ஒட்டகத்தின் இரு பக்கங்களிலும் ஒத்த எடையாகத் தொங்கும் பொதிகளுள் ஒன்றைக் குறிக்கும் 'இத்ல்' என்ற சொல்லும் பிறந்தது. தமிழ் மறை தந்த வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாகக் காட்டினார்.

துலாக்கோலைப் பற்றி ஒவ்வொரு வணிகரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. தட்டில் பொருளை வைக்கும் முன், வெறுங்கோல் சமமாக நிற்க வேண்டும். வெறுங்கோலே ஒருபுறம் சாய்ந்திருந்தால், அது காட்டும் எடை எத்துணை நுட்பமாயினும் பொய்யே.

நீட் மதிப்பெண் என்னும் எடை எந்தக் கோலில் நிறுக்கப்படுகிறது? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை ஒரு செய்தியைக் கூறுகிறது. 2016-17இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களுள், முந்திய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மீண்டும் முயன்றவர்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கினர். 2020-21இல் அவர்கள் பத்தில் ஏழு பங்கினராயினர். இதன் பொருள் யாது? ஓராண்டோ ஈராண்டோ வருமானமின்றி வீட்டில் இருந்து, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டிப் படிக்க இயன்ற பிள்ளையே பெரும்பாலும் வெல்கிறது. அந்த மதிப்பெண்ணில் பிள்ளையின் அறிவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. அவற்றோடு தந்தையின் பணப்பையும் ஏறி அமர்ந்திருக்கிறது. பணப்பையின் எடையைக் கழித்துப் பார்ப்பது சலுகை ஆகுமா? சாய்ந்த கோலை நிமிர்த்துவது எந்த ஊரிலும் கள்ள எடை எனப்படுவதில்லை.

"நோயாளியின் கதி என்ன? குறைந்த மதிப்பெண் பெற்றவரிடம் உயிரை ஒப்படைப்பதா?" என்று கேட்போர் உண்டு. அஞ்சுவதற்குரிய வினாதான், ஆனால் விடையும் உண்டு. இந்த ஒதுக்கீடு கல்லூரியின் வாயிலைத் திறக்கிறதேயன்றி, மருத்துவப் பட்டத்தை எளிதாக்கவில்லை. உடற்கூற்றியலில் இருவருக்கும் ஒரே வினாத்தாள். தேறாதவர் எந்தப் பள்ளியில் படித்தவராயினும் மருத்துவர் ஆவதில்லை.

பரிசா, அமானிதமா?

இங்கே நம் எண்ணத்தின் அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கிறது. மருத்துவக் கல்லூரி இடத்தை நாம் ஒரு பரிசாகக் கருதுகிறோம். ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர்க்குப் பரிசு. அதனைப் பிந்தியவர்க்குக் கொடுத்தால் களவு. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி யாருடைய பணத்தால் நடக்கிறது? தீப்பெட்டி வாங்கும் ஏழையின் காசும் அதில் கலந்திருக்கிறது. அந்த இடம் பிள்ளைக்கு நாம் அளிக்கும் வெகுமதி அன்று. நாளை காய்ச்சலோடும் பேறுகால வேதனையோடும் வந்து நிற்கப் போகிறவர்களுக்காகப் பிள்ளையிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அமானிதத்திற்குத் தகுதி வேண்டும், ஐயமில்லை. ஆனால் அத்தகுதி மூன்று மணி நேர விடைத்தாளில் முழுதும் அடங்கிவிடும் என்று யார் சொல்ல முடியும்?

இந்த வாதம் புதிதும் அன்று. பழைய சென்னை மாகாணத்தில் பதினான்கு இடங்களை ஓர் அலகாக எடுத்துச் சமூகங்களுக்குப் பகிரும் முறை இருந்தது. அதில் ஓர் இடம் முஸ்லிம்களுக்கு உரியது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையையொட்டிச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அம்முறை செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, கல்வியில் பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்யும் வழி திறந்தது. அந்த வழியால் பயன்பெற்ற சமுதாயம் நம்முடையது. நமக்கு ஒதுக்கீடு கிடைக்கும்போது நீதி என்றும், எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும்போது அநீதி என்றும் இரண்டு கோல்களை நாம் வைத்திருக்கலாகாது.

விளிம்பில் நிற்பவள்

இரண்டாம் வினா இன்னும் எஞ்சி நிற்கிறது. அதனை மழுப்புவது நேர்மையாகாது.

உதவிபெறும் பள்ளியில் பயின்றோர் இச்சட்டத்திற்குள் வாரார். பாலாற்றங்கரை ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் நம் முன்னோர் வக்ஃபாகவும் நன்கொடையாகவும் நிலம் தந்து எழுப்பிய பள்ளிகள் பல இவ்வகையின. பெண்பிள்ளை தொலைவு செல்ல வேண்டாம் என்று கருதி, அப்பள்ளியில் சேர்த்த ஏழைத் தந்தையர் எத்தனையோ பேர். பள்ளியின் பெயர்ப்பலகை வறுமையின் ஓர் அடையாளம்தான், வறுமையே அன்று. எந்தக் கோடு கிழித்தாலும் அதன் விளிம்பில் ஒருவர் நிற்பார். விளிம்பு தவறாக விழுந்தது என்பதால் கோடே வேண்டாம் என்பது பொருந்தாது. கோட்டைத் திருத்துக, வீட்டு நிலையையும் சேர்த்து நிறுக்க என்று கேட்பதே முறை. அதற்கான வாயிலும் அடைபடவில்லை. 2022 ஏப்ரலில் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், ஐந்தாண்டுக்குள் இதனை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும், அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. ஒதுக்கீடு நோய்க்குத் தரும் மருந்து. உடல்நலமோ நல்ல பள்ளியில் இருக்கிறது.

அந்த நல்ல பள்ளியைப் பற்றிப் பேசும்போது நாம் தலைகுனிய வேண்டிய ஒன்றும் உண்டு. எங்கள் ஊர் உதவிபெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் இரண்டாண்டுகள் நிரப்பப்படாமல் கிடந்தது. அதே இரண்டாண்டுகளில் பள்ளியின் முகப்பு வளைவு மட்டும் புதிதாக எழுந்தது. அதற்கு நன்கொடை தந்தோரில் நானும் ஒருவன். தேநீர்க் கடைக்காரரின் மகள் அந்த வளைவின் கீழே நடந்துதான் ஆசிரியர் இல்லாத வகுப்புக்குச் சென்றாள். அவளுக்கு நேர்ந்த இழப்பில் சட்டத்திற்கு ஒரு பங்கு என்றால், எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு வாரம் கழித்து அவரைத் தேடி நானே கடைக்குச் சென்றேன். எண்ணியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தேநீர் ஆற்றியவர், "அப்படியானால் என் மகள் இழந்ததும் நீதிதான் என்கிறீர்களா, ஹஜ்ரத்?" என்றார்.

"இல்லை. அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது நீதி. உங்கள் பிள்ளையின் சுமையை யாரும் நிறுத்துப் பார்க்காமல் விட்டது நீதியன்று. இரண்டும் ஒருங்கே உண்மை" என்றேன்.

அவர் முழுதும் ஒப்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்று, பள்ளியில் இன்னும் எந்தெந்தப் பாடத்திற்கு ஆசிரியர் இல்லை என்று கேட்ட முதல் குரல் அவருடையதாகவே இருந்தது. அந்தக் கேள்வியை நம் ஊர்தோறும் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.