வயிற்றில் தங்கும் நீர்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை வயிற்றுக்குள்ளிருந்தே கழுவ ஒரு திரவம் இருக்கிறது. இரண்டு லிட்டர் பையில் வருகிறது. தண்ணீரில் குளுக்கோஸ், சில உப்புகள், லாக்டேட், அவ்வளவுதான். வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே உள்ளே இறங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் தங்கும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதிய பையை ஏற்ற வேண்டும். நாளுக்கு மூன்று, நான்கு தடவை. ஒரு நாளும் விடுமுறை கிடையாது.

1976இல் பாப்போவிச்சும் மான்கிரீஃப்பும் அமெரிக்காவில் முன்வைத்த இந்த வயிற்று டயாலிசிஸ் முறை, 1991இல் இந்தியாவுக்கு வந்தது. திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையிலும் பல ஆண்டுகளாக இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ரத்த டயாலிசிஸுக்காக வாரத்தில் மூன்று நாள் கூலியை இழந்து, துணைக்கு ஓர் ஆளோடு, நகரியிலிருந்தோ பலமநேரிலிருந்தோ திருப்பதிக்குப் பஸ் ஏறுகிறவருக்கு இதன் அருமை புரியும்.

இது கழுவும் விதம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. குடலைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்னும் சவ்வுக்கு ஒரு புறம் ரத்தம், மறுபுறம் இந்தத் திரவம். ரத்தத்தில் யூரியா நிறைந்திருக்கிறது. திரவத்தில் துளியும் இல்லை. இல்லாததால்தான் யூரியா அதை நோக்கி நகர்கிறது. இந்த மருந்து எதையும் அழிப்பதில்லை, விரட்டுவதில்லை. நஞ்சுக்குத் தன்னிடம் இடம் கொடுக்கிறது. உடம்பில் மிகுந்த நீரைக் குளுக்கோஸ் இழுத்துக்கொள்கிறது. ஆனால் நேரம் போகப் போக இரு பக்கமும் யூரியா சமமாகிவிடும். குளுக்கோஸும் ரத்தத்தில் கலந்து தீர்ந்துவிடும். அதன் பின்னும் வடிக்காமல் வைத்திருந்தால், இழுத்த நீர் உடம்புக்கே திரும்பத் தொடங்கும். பிறர் நஞ்சை வாங்கிக்கொள்ளும் எதுவும் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடுகிறது.

நம் வீடுகள் பலவற்றில் இந்தப் பையை மாற்றுவது மனைவி, இல்லையென்றால் தாய். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, சோப்பு போட்டுக் கை கழுவித் தொடங்க வேண்டும். ஒரு தடவை கை பிசகினாலும் வயிற்றுக்குள் கிருமி போய்விடலாம். வடிந்த நீர் கலங்கலாக இருந்தால் அந்தப் பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தப் பயம், நோயாளியின் எரிச்சல், வீட்டுக் கடன் எல்லாம் அவளுக்குள் போய்ச் சேர்கின்றன. திரவத்துக்கு நேரம் குறித்துத் தருகிறோம். அவளுக்கு யாரும் குறித்துத் தருவதில்லை.

சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னால், வயிற்று டயாலிசிஸ் பொருந்துமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். உறவில் யாராவது வீட்டில் இதைச் செய்துவந்தால், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு நிற்காதீர்கள். பை மாற்ற மருத்துவமனையில் முறையாகக் கற்றுத் தருவார்கள். கற்றுக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.