பழைய இரும்பும் பேரீச்சம்பழமும்

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு சைக்கிளில் வந்தவரை முத்தாண்டிக்குப்பத்தின் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓட்டைச் சட்டியும் துருப்பிடித்த ஆணியும் இனிப்பாக மாறிய காலம் அது. இன்றும் பழைய சேலையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குகிறோம்.

நல்ல பழக்கம்தான். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், துணிக்கு ஒட்டுப் போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அறிவிக்கிறார்கள். ஆனால் பண்டமாற்றில் ஒரு வரம்பு உண்டு.

பிலால் (ரழி) அவர்கள் உயர்ந்த ரகமான பர்னீ பேரீச்சம்பழத்தை நபியவர்களிடம் கொண்டுவந்தார்கள். மட்டமான பழம் இரண்டு ஸாஉ அளவு கொடுத்து, இதில் ஒரு ஸாஉ வாங்கினேன் என்றார்கள். இது வட்டியேதான் என்று நபியவர்கள் வருந்தித் தடுத்தார்கள். மட்டமானதை விற்று, அந்தக் கிரயத்தில் நல்லதை வாங்கச் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

இரும்புக்குப் பழம் என்றால் இனம் வேறு, அதற்குத் தடையில்லை. பழைய நகைக்குப் புது நகை அப்படியல்ல. முதலில் விற்றுப் பணத்தைக் கையில் வாங்கி, பிறகு புதியதை வாங்குங்கள் என்று உலமாக்கள் சொல்வது இதனால்தான்.

பிலால் (ரழி) யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் மறைக்கவில்லை. அவர்களுக்கே இந்தக் கண்டிப்பு! நாமோ பாத்திரக்காரரிடம் சேலையின் கிழிசலை உள்ளே மடித்து நீட்டுகிறோம். கேட்டால் சிக்கனம் என்கிறோம். கிழிசல் வெளியே தெரியும்படி மடியுங்கள். அவர் சின்னப் பாத்திரமாகத் தந்தால் தரட்டும்.