ஆயுதத் தேர்வில் அறத்தின் இடம்

போரில் அறம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், விசையை அழுத்தும் வீரனின் கையில் என்பதே வழக்கமான விடையாக வரும். ஆனால் ஒரு நாடு தன் படையைப் புதுப்பிக்க முற்படும்போது, எந்தத் தாக்குதல் ஹெலிகாப்டரை வாங்குவது என்று அதிகாரிகளும் விமானிகளும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கும் மேசையிலேயே அந்த அறத்தின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

சமண அறநூலார், கொல்லவேண்டும் என்றே எண்ணிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையையும், தாக்க வருபவனைத் தடுக்கையில் நேரும் விரோதி ஹிம்சையையும் வேறு பிரித்து, முன்னதை அறவே விலக்கிப் பின்னதை இல்லறத்தார் அளவில் பொறுத்துக்கொண்டனர். ஆயுதக் கொள்முதல் இவற்றுள் எதில் அடங்கும்? நோக்கத்தால் அது தற்காப்பு. ஆயினும் எதிரி கண்முன் இல்லாத அமைதிக் காலத்தில், சினமோ அச்சமோ இன்றி, எந்த ஏவுகணை எவ்வளவு கனமான கவசத்தைத் துளைக்கும் என்று நிதானமாகக் கணக்கிட்டுச் செய்யப்படுவதால், வடிவத்தால் அது சங்கல்பத்தையே ஒத்திருக்கிறது. பழைய பகுப்பு இங்கே திணறுகிறது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

இந்தியாவை எடுத்துக்கொண்டால், அதன் தேவை பொய்யானதன்று. 1999 கார்கில் போரில், 16,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களில் கனமான தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பயன்படாமற் போக, ராக்கெட் பொருத்தி அனுப்பப்பட்ட மி-17 ஹெலிகாப்டர் ஒன்று மே 28 அன்று தோலோலிங் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். தகாத கருவியுடன் வீரர்களை அனுப்புவதும் அறக்கேடே. 2015-இல் 22 அமெரிக்க அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தமானதும், மலைப்போருக்கென்றே உள்நாட்டில் உருவான பிரசண்ட் ஹெலிகாப்டர் 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்ததும் அந்தப் பின்னணியில் நிகழ்ந்தவை.

எனினும் தொழில்நுட்பக் கூறு ஒவ்வொன்றிலும் ஓர் அறக்கூறு ஒளிந்திருக்கிறது. அப்பாச்சியில் வீரர் தலையைத் திருப்பினால், தலைக்கவசத்தோடு இணைக்கப்பட்ட 30 மி.மீ. பீரங்கியும் கூடவே திரும்பும். காண்பதற்கும் சுடுவதற்கும் நடுவே மனிதனுக்குத் தயங்கக் கிடைத்துவந்த அந்தச் சிறு பொழுது, இங்கே பொறியியல் குறையாகக் கருதப்பட்டுக் களையப்படுகிறது. வழிகாட்டும் அமைப்பு இல்லாத 70 மி.மீ. ராக்கெட்டுகள் பரவலாகச் சிதறி விழும். வழிகாட்டப்படும் ஏவுகணையோ ஒரே வண்டியைத் தேடிச் சென்று தாக்கும். பின்னதற்கு ஆகும் கூடுதல் பணத்தை அறச்செலவு என்றே சொல்லலாம். துல்லியம் கூடக்கூட ஆயுதத்தை எடுக்கும் கூச்சம் குறையும் என்ற எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் கிராமத்தை ஒட்டிய களத்தில், கூச்சத்தோடு ஏவிய ராக்கெட்டும் சிதறித்தான் விழும் என்பதால், முதல் வாதமே கனமானது.

மகாபாரத வனபர்வத்தில், பாசுபதாஸ்திரத்தை அருச்சுனனுக்கு அளிக்கும் சிவன், அதனை ஆராயாமல் ஏவலாகாது, வலிமை குன்றியவன்மேல் ஏவினால் உலகமே அழியும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே அளிக்கிறார். அங்கே நிபந்தனை ஆயுதத்தோடு கூடவே வருகிறது. இன்றைய வழக்கத்திலோ, ஜோத்பூரில் பிரசண்டைச் சேர்த்த விழாவில் நடந்ததைப் போன்ற சர்வமதப் பிரார்த்தனை, எல்லாம் முடிவாகிக் கருவி வந்து சேர்ந்த பிறகே நடைபெறுகிறது.

ஆயுதம் வந்து சேருமுன்பே எழ வேண்டிய அறக்கேள்வியை உரிய இடத்தில் வைத்தது, ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறையின் 36-ஆம் பிரிவு. புதிய ஆயுதத்தை ஆராயும்போதும் உருவாக்கும்போதும் வாங்கும்போதும், அதன் பயன்பாடு போர்ச் சட்டத்தால் தடுக்கப்பட்டதா என்று அரசு தீர்மானித்தாக வேண்டும் என்கிறது அது. அப்பாச்சியை விற்ற அமெரிக்கா, தன் சொந்த ராணுவ விதிகளின்படி அத்தகைய ஆய்வைச் செய்துவந்தாலும், அந்நெறிமுறையில் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது; வாங்கிய இந்தியா அதில் சேரவே இல்லை.