பெருமூச்சைப் படிக்கத் தெரிந்தவளே, எழு!

மாத்தளைப் பல்லேபொலயில் உயர்தரம் படிக்கும் தங்கையே! "உளவியல் படிக்கப் போகிறேன்" என்றதும் உன்னிடம் என்ன கேட்டார்கள்? "பைத்தியங்களோடயா வேலை செய்யப் போற? டீச்சர் வேலைக்குப் போயேன்!" கேட்கட்டும். நீ தலை குனியாதே. இந்தத் தொழிலுக்கான முதல் மூலதனம் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது.

வீட்டில் தமிழ், பஸ்ஸில் சிங்களம், பக்கத்து வீட்டில் முஸ்லிம் தோழி. ஒரே துக்கத்தை மூன்று வீடுகள் மூன்று விதமாகச் சுமப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நீ. தோட்டத்து அக்கா, "எனக்கு மனச்சோர்வு" என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். "நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் நோகுது" என்பாள், பெருமூச்சு விடுவாள். அவசரத்தில் பார்ப்பவர் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த மூச்சுக்குப் பின்னால் குடிகாரக் கணவனும் அடகுக்கடைச் சீட்டும் இருக்கலாம் என்று உனக்குத் தெரியும். பண்பாடும் பெண்நிலையும் அறிந்த உளவியல் அங்கேதான் தொடங்குகிறது!

முடியுமா என்று தயங்குகிறாயா? யாழ்ப்பாணத்தைப் பார். குண்டுகளுக்கு நடுவே மனநல மருத்துவராகப் பணிசெய்தார் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ஒரு நோயாளி, ஒரு நோய்ப்பெயர் என்ற மேலைநாட்டுக் கணக்கு அங்கே போதவில்லை. காயம்பட்டது குடும்பம், ஊர், ஒரு சமூகம் முழுவதும் என்று கண்டார். அதைக் கூட்டு மனவடு என்று எழுதினார். செபம், மூச்சுப்பயிற்சி, சடங்கு என்று மக்களின் கையிலிருந்தவற்றையே சிகிச்சைக்குத் துணையாக்கினார். போர் தின்ற மண்ணிலிருந்து 1998 இல் ஒரு நூல், 2014 இல் இன்னொன்று. இரண்டும் உலக அறிஞர்களின் கைக்குப் போயின.

கடல் கடந்தும் பார். அமெரிக்காவில் மேமி கிளார்க், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றும் கறுப்பினப் பெண் என்பதால் வேலைக்கு அலைந்தார். முடங்கிப் போனாரா? 1946 இல் கணவரோடு சேர்ந்து நியூயோர்க் ஹார்லெமில் குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். கறுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே "நல்ல பொம்மை" என்று காட்டியதை இருவரும் ஆய்வில் நிறுவினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த ஆய்வும் துணை நின்றது. ஒரு குழந்தையின் தாழ்வுணர்ச்சியை அளந்து காட்டியவர், ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்தார்!

உனக்கும் வேலை காத்திருக்கிறது. தோட்ட வேலைக்கென வந்த மலையகத் தமிழரில், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, பாதியில் மடிந்தவர்கள் எத்தனை பேர்! அந்த 200 ஆண்டு வரலாற்றை நினைந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். பாதையை நடந்து காட்டியாயிற்று. தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்த துக்கத்தை உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டாமா?

வழி நீளமானது. பேராதனையிலும் கொழும்பிலும் உளவியல் கற்பிக்கிறார்கள். பட்டத்தோடு நின்றுவிடாதே, மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். ஆங்கிலம் மிரட்டும், தினமும் ஒரு பக்கம் படித்து அதைப் பணியவை. சிங்களத்தைக் கூச்சமின்றிப் பேசு. தீர்ப்புச் சொல்லாமல் கேட்கும் பழக்கத்தை இன்றே தொடங்கு.

ஊரை விட்டு ஓடுவதற்காகப் படிக்காதே, தங்கையே. ஊரின் வலியை உலகத்துக்குச் சொல்லப் படி. விண்ணப்பத்தை நிரப்பு, முதல் தெரிவாக உளவியல் என்று எழுது!